மெஷின் சொல்வது உண்மையா, மூக்கு சொல்வது உண்மையா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் பழைய இரும்பை உருக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் கருகல் நாற்றம் வரும். விடிந்து பார்த்தால் மொட்டைமாடியில் கரித்தூள். என் பேத்திக்கு ஆறு வயது. மார்கழி வந்தால் இளைப்பு வந்துவிடுகிறது. குடியிருப்போர் சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, காற்றின் தரத்தை அளக்கும் சிறிய கருவிகள் இரண்டு வாங்கி மாட்டினோம். காலை ஏழு மணிக்கு அதன் செயலியில் 155, சிவப்பு நிறம். அதே நேரத்தில் அரசின் செயலியில் சேலத்துக்கு 72, பச்சை நிறம். புகார் கொடுக்கப் போனால், "இது விளையாட்டுச் சாமான் அம்மா" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். யார் சொல்வது உண்மை? எங்கள் பணம் வீண்தானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்

பதில்: அம்மா, வணக்கம். முதலில் பேத்தி. கருவி என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் குழந்தைக்கு இளைப்பு இருக்கிறது. அதற்கு எண் தேவையில்லை, மருத்துவர்தான் தேவை. மார்கழிக்கு முன்பே ஒருமுறை காட்டிவிடுங்கள். நாற்றம் வரும் இரவுகளில் பட்டறைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள். காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு திறந்துவிடுங்கள். கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணியையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். மூடிய அறையில் ஒரு சுருள் தரும் புகை பட்டறைப் புகைக்கு இளைத்ததல்ல.

இனி உங்கள் கேள்வி. 155, 72 இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒரே விடைத்தாளை வெவ்வேறு மதிப்பெண் திட்டம் வைத்து இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இங்கே நடந்திருப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

செயலியில் தெரியும் எண் காற்றில் இருக்கும் தூசின் அளவு அல்ல. அந்த அளவிலிருந்து கணக்கிட்ட குறியீடு. நீங்கள் வாங்கியதுபோன்ற கருவிகளின் செயலிகள் பெரும்பாலும் அமெரிக்கக் குறியீட்டைக் காட்டுகின்றன. அந்தக் கணக்கில் 155 என்றால், ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்னும் நுண்துகள் ஏறத்தாழ 61 மைக்ரோகிராம். இதே 61 மைக்ரோகிராமை இந்தியக் குறியீட்டில் போட்டால் 101 வரும். 'திருப்தி' என்னும் வரம்பைச் சற்றே தாண்டிய மஞ்சள் நிறம். காற்று ஒன்றுதான், சிவப்பும் மஞ்சளும் நாடு பிரித்த நிறங்கள். 2009இல் அறிவிக்கப்பட்ட நம் தரநிலையில் 24 மணி நேரச் சராசரிக்கு 60 மைக்ரோகிராம் வரை அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வழிகாட்டு அளவு 15தான். அதனால் நம் ஊர்ப் பச்சையைப் பார்த்து முழுதாக நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. ஆனால் அது வேறு வழக்கு. உங்கள் பட்டறை வழக்கோடு அதைச் சேர்க்க வேண்டாம். செயலியின் அமைப்புக்குள் போய், குறியீட்டுக்குப் பதிலாக மைக்ரோகிராமைக் காட்டும்படி வீட்டில் இளையவர் யாரையாவது மாற்றச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் நேரத்தில் இருக்கிறது. அரசின் 72 கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. உங்கள் 155 அந்த நிமிடத்தின் காற்று, அல்லது அந்த ஒரு மணி நேரத்தின் காற்று. ஒரு பையன் காலாண்டில் கணக்கில் தவறியதையும், அவனுடைய ஆண்டுச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பொய் என்று கேட்க மாட்டீர்கள். இடமும் வேறு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் சோனா கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அது அங்கே மூச்சு விடுகிறது. உங்கள் தெருவின் இரவு பதினோரு மணி அதற்குத் தெரிய வழியில்லை.

"விளையாட்டுச் சாமான்" என்று சொன்னவர்மேல் எனக்கும் கோபம்தான், சிரித்ததற்காக. ஆனால் அவர் பேச்சில் பாதி நியாயம் உண்டு. அதை இப்போதே தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்கள் தோற்க மாட்டீர்கள்.

காற்றை அளக்கும் வேலையில் சேர்ந்த புதிதில் என் பிழைப்பு மொட்டைமாடிகளில்தான். சாம்ப்ளர் என்று நாங்கள் சொல்லும் பெரிய தகரப் பெட்டியில் வடிதாளை வைத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 104 முறை என்பது கணக்கு. வடிதாளை வைப்பதற்கு முன் ஈரம் போக உலர்த்தி நிறுக்க வேண்டும். எடுத்த பிறகும் உலர்த்தி நிறுக்க வேண்டும். தூசின் எடை என்பது இந்த இரண்டு நிறைகளுக்கும் உள்ள வித்தியாசம். சலிப்பான வேலை. ஆனால் அங்கே தூசை உண்மையாகவே நிறுக்கிறோம்.

உங்கள் கருவி நிறுப்பதில்லை. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது. ஒரு லேசர் ஒளி அதன் குறுக்கே பாய்கிறது. துகள் பட்டு ஒளி சிதறுவதை வைத்து, இத்தனை மைக்ரோகிராம் இருக்கலாம் என்று ஊகிக்கிறது. ஜன்னல் வழியே வரும் வெயில் கீற்றில் தூசு மினுங்குவதைப் பார்த்து வீடு பெருக்க நேரமாகிவிட்டது என்று நாம் முடிவு செய்வதில்லையா? அதே வித்தைதான், கொஞ்சம் கணக்குத் தெரிந்த வித்தை.

இந்த வித்தையைக் கெடுப்பது ஈரம். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் துகள்கள் நீரைக் குடித்து உப்பிவிடும். கருவி அவற்றைப் பெரிய துகள் என்று எண்ணும். மூடுபனி என்றால் கேட்கவே வேண்டாம், நீர்த்துளியையே தூசுக் கணக்கில் எழுதிவிடும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இப்படி ஒரு கருவியை மாட்டிவிட்டு, சேலத்தைவிட ஏற்காட்டின் காற்று மோசம் என்று ஒரு நவம்பர் விடியற்காலையில் பதறிப்போய் எனக்குத் தொலைபேசினார். "வெளியே என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். "ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது" என்றார். சேர்வராயன் மலை மேகத்தை அளந்துகொண்டிருந்தது அவருடைய கருவி. அரசு நிலையங்களின் இயந்திரங்கள் உள்ளே இழுக்கும் காற்றைச் சற்றுச் சூடாக்கி, ஈரத்தைப் போக்கிவிட்டு அளக்கின்றன. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்ச் சென்சாருக்கு அந்த வசதி கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இத்தகைய கருவி ஒன்றின் எண்ணை ஏறத்தாழப் பாதியாக்கி, ஈரப்பதத்துக்குத் தக்கபடி மேலும் கழித்துத்தான் தன் வரைபடத்தில் போடுகிறது. அந்தக் கணக்கை அப்படியே சேலத்துக்குப் போட முடியாது. அவர்கள் ஊர்த் தூசு வேறு, நம் ஊர்த் தூசு வேறு. ஆனால் காலை ஏழு மணிக்கு உங்கள் கருவி காட்டிய 61 மைக்ரோகிராமில் ஒரு பங்கு வெறும் பனியாக இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. எண்ணை மட்டும் நீட்டினால் எதிரில் இருப்பவர் சிரிக்க இடம் இருக்கிறது.

அதற்காகக் காலையில் எல்லாம் பனிதான் என்றும் நினைத்துவிடாதீர்கள். சேலம் ஒரு சட்டி. வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கி அடியில் தங்கும். அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படுத்துக்கொள்ளும். இரவு பதினோரு மணிக்குப் புகைபோக்கியிலிருந்து வரும் புகை மேலே போக வழியில்லாமல் அந்த மூடிக்குக் கீழே தெருத்தெருவாக நடக்கும். டிசம்பர் காலையில் ஏற்காடு பஸ்ஸில் ஐந்தாறு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் திரும்பிப் பாருங்கள்: மேலே நல்ல வெயில், கீழே ஊர் சாம்பல் நிறப் போர்வைக்குள் கிடக்கும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குத்தான் மூடி திறக்கும். அதே உலை, அதே புகை, மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வந்தால் உங்கள் மொட்டைமாடிக்குத் தெரியாமலே மேலே போய்விடும்.

அதிகாரி பகல் பதினொன்றரைக்கு வந்து பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்று சொன்னால் அதுவும் பொய்யாகாது. அவர் வந்த நேரம் தவறு. உங்கள் கருவியின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. எவ்வளவு என்பதை அதனால் நம்பும்படி சொல்ல முடியாது. எப்போது என்பதை நன்றாகச் சொல்லும்.

இரண்டு கருவி வாங்கியது நல்லதாகப் போயிற்று. ஒன்று மட்டும் வாங்கியிருந்தால் இந்தப் பதில் பாதியில் நின்றிருக்கும். இப்போது அவை எங்கே தொங்குகின்றனவோ அங்கிருந்து கழற்றுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில், இரண்டு சாண் இடைவெளியில், இரண்டு வாரம் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். மழை படாத, காற்று தடையில்லாமல் வருகிற இடமாக இருக்கட்டும். சமையலறை ஜன்னல், குளியலறை, ஏ.சி. வெளிப்பெட்டி, பூஜை அறை ஆகியவற்றின் பக்கம் வேண்டாம். ஒரே காற்றுக்கு ஒன்று எப்போதும் 10 கூடக் காட்டினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அந்தக் கருவியின் சுபாவம். இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் போதும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த இரண்டு வாரம் முடிந்ததும் பிரித்து மாட்டுங்கள். பட்டறைக்கு ஒரு பக்கம் ஒன்று, நேர் எதிர்ப்பக்கம் ஒன்று. காற்று பட்டறையைத் தாண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக் கருவியில் மட்டும் எண் ஏற வேண்டும். பனி என்றால் இரண்டிலும் ஏறும். புறவழிச்சாலை லாரிப் புகை என்றாலும் பெரும்பாலும் இரண்டிலும் தெரியும். ஒன்றில் மட்டும், அதுவும் உலை எரியும் நேரத்தில் மட்டும், காற்று அந்தத் திசையில் வீசும்போது மட்டும் ஏறினால், அந்த வித்தியாசத்தை விளையாட்டுச் சாமான் என்று யாரும் தள்ளிவிட முடியாது. தனித்தனி எண்ணில் தப்பு இருக்கலாம். ஈரம் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கெடுப்பதால், கழித்துப் பார்க்கும்போது அந்தத் தப்பின் பெரும்பகுதி போய்விடும். வடிதாளை இரண்டு முறை நிறுத்துக் கழித்த புத்திதான் இதுவும்.

காற்று எந்தத் திசை என்று அறிய வானிலை நிலையம் வேண்டாம். மொட்டைமாடிக் கம்பத்தில் ஒரு முழம் நாடா கட்டுங்கள். காற்று அசையாத இரவில் நாடா தொங்கும். அப்போது ஓர் ஊதுபத்தியைக் கருவிக்கு எட்டத்தில் ஏற்றி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

கருவியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு நோட்டுப் புத்தகம். 2004 வாக்கில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருந்த கிராமத்து மக்கள் இதைச் செய்து காட்டினார்கள். அவர்களிடம் லேசர் கருவி எதுவும் கிடையாது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன நாற்றம், காற்று எந்தப் பக்கம், கண் எரிந்ததா, தலை வலித்ததா என்று நாள்தோறும் குறித்தார்கள். நாற்றத்தை, தாங்கள் முன்பே அறிந்த வாசனைகளோடு ஒப்பிட்டு எழுதினார்கள்: அழுகிய முட்டை, நகப்பூச்சு, இப்படி. நாற்றம் கடுமையாக இருந்த வேளைகளில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மூக்கு சொன்னது ஆய்வகத்தில் வேதிப்பொருள்களின் பெயர்களாக வந்து விழுந்தது. அமெரிக்காவில் 1990களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அண்டை வீட்டுக்காரர்கள் கைக்கொண்ட முறைதான் இது. நம் ஊர்ப் பெண்களும் மீனவர்களும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

உங்கள் கருவிக்கு மூக்கு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கந்தக டை ஆக்சைடோ, பிளாஸ்டிக் உறை எரியும்போது வரும் வாயுக்களோ அதற்குத் தெரியாது. பெரிய தூசும் அதற்குச் சரியாகத் தெரியாது. செயலியில் பி.எம். 10 என்று ஓர் எண் காட்டும். இந்த விலைக் கருவிகளில் அது பெரும்பாலும் பி.எம். 2.5ஐ வைத்துப் போட்ட ஊகம். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத் தூசுக்கோ கல் அரைக்கும் ஆலைத் தூசுக்கோ இதை நம்பி யாரும் வாங்கக் கூடாது. உங்கள் மொட்டைமாடியில் படியும் கரித்தூளும் இந்த இனம்தான். அதற்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு போதும். இரவு வைத்து, காலையில் எடுத்து, தேதி எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து, எப்போதும் ஒரே கோணத்தில் படம் எடுங்கள்.

நோட்டில் ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். "டிசம்பர் 12, இரவு 10.50, கருகிய ரப்பர் நாற்றம், நாடா வடக்கே, உலைச் சத்தம் கேட்டது, வடக்குக் கருவி 140, தெற்குக் கருவி 45." இப்படி. நாற்றம் இல்லாத இரவுகளையும் எழுதுங்கள். இதை யாரும் செய்வதில்லை. எல்லோரும் குற்றத்தை மட்டுமே எழுதுவார்கள். ஒன்றும் இல்லாத நாளில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கும் நோட்டைத்தான் நான் அதிகாரியாக இருந்தால் நம்புவேன். வருகைப் பதிவேட்டில் வராதவர்களையும் குறித்தால்தானே அது பதிவேடு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சங்கத்தில் சிலருக்குப் பிடிக்காது. காலை ஆறு மணிக்கு உங்கள் தெருமுனையில் குப்பையைக் கூட்டி எரிக்கிறவர்கள் இருப்பார்கள். வெந்நீர் அடுப்பில் தேங்காய் மட்டையும் பழைய டயர்த் துண்டும் போகிற வீடும் இருக்கும். கருவி அதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். காலை ஏழு மணிச் சிவப்புக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அதை மறைத்துவிட்டு மனு எழுதினால் பட்டறைக்காரர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நாலைந்து வாரம் இப்படிச் சேர்ந்ததும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு எழுதுங்கள். மனுவில் குறியீட்டு எண்ணைத் தலைப்பில் போடாதீர்கள். "வாரத்தில் இந்தக் கிழமைகளில், இரவு 10 முதல் 2 வரை, காற்று வடக்கே வீசும்போது இது நடக்கிறது, அந்த நேரத்தில் வந்து ஆய்வு செய்ய வேண்டுகிறோம்" என்று கேளுங்கள். 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, புகைபோக்கியிலிருந்து மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் செல்லும் சான்று அதுதான். அதை எடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு, எடுக்க வேண்டிய நேரம் உங்களிடம்.

உண்மையில் இந்த மனுவுக்கும் முன்பு, கருவியைக் கழற்றுவதற்கும் முன்பு, நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசியில் சொல்வதற்கு மன்னிக்கவும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். அந்தப் பட்டறைக்கு வாரியத்தின் இசைவாணை, அதாவது இயங்க அனுமதிக்கும் ஆணை, இருக்கிறதா, இருந்தால் அதன் நகல், கடைசியாக ஆய்வு செய்த நாள், அந்த அறிக்கையின் நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். இசைவாணையில் புகைபோக்கியின் உயரம், எந்த எரிபொருள், புகையை வடிகட்டும் சாதனம் என்ன என்பதெல்லாம் எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தாலே பல விஷயம் தெரிந்துவிடும். இசைவாணையே இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பட்டறை இயங்குவதே சட்ட மீறல். காற்றை அளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். சிலரைப் போல வருடக்கணக்கில் எண்களைச் சேர்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது என்று பிறகு வருந்த வேண்டாம்.

பராமரிப்புக்குப் பெரிய பாடு இல்லை. மாதம் ஒருமுறை கருவியின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மின்வெட்டு நேரங்களையும் நோட்டில் குறியுங்கள். ஒன்றிரண்டு ஆண்டில் உள்ளே தூசு படிந்து கண் மங்கிவிடும். அப்போது புதிதாக ஒன்று வாங்கி, பழையதன் பக்கத்தில் இரண்டு வாரம் தொங்கவிட்டுப் பாருங்கள்.

பொங்கலுக்கு முன்பே ஒன்றாகத் தொங்கவிடும் சோதனையை முடிக்கப் பாருங்கள். போகியன்று விடியற்காலை இரண்டு கருவிகளும் ஒன்றுபோல எகிற வேண்டும். எகிறாவிட்டால் கருவியில் கோளாறு. அன்றைய பக்கத்தை நோட்டில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மனுவில் மட்டும் சேர்க்காதீர்கள்.